ஏழு அங்குலம் குறைந்துபோன கேப்டன்

1/
சர்ஜரி வார்டில் நைட் டியூட்டி. தைராய்டு கட்டியை எடுத்து இரண்டாவது நாளில் இருந்த ஒரு அம்மா கூப்பிட்டாங்க. "சார், உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. விரலெல்லாம் இழுத்துக்குது."

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, கால்சியம் குளுக்கோனேட் ஊசியை மெதுவாக ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் விரிந்தன.

இன்னைக்கு இது எங்களுக்குச் சாதாரணம். ஆனால் இந்த அறிவுக்குப் பல உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/
19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் தைராய்டு அறுவை சிகிச்சை வேகமாக வளர்ந்தது. சில நோயாளிகளுக்கு மட்டும் ஆபரேஷன் முடிந்ததும் கை கால் இழுத்துக்கொள்ளும். சிலர் இறந்தே போனார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை.

3/
விடை ஏற்கனவே அச்சில் இருந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர், முதலில் ஒரு நாயிடமும் பிறகு 50 மனித உடல்களிலும் தைராய்டை ஒட்டிய குட்டிச் சுரப்பிகளைத் தேடிப் பார்த்து 1880இல் எழுதினார். பெயரும் அவர் வைத்ததே: பாராதைராய்டு. அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவருக்கும் முன்னால், லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில் ரிச்சர்ட் ஓவன் இதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்கும் தெரியாது.

4/
1909இல் அமெரிக்காவில் மெக்கலம், வோக்ட்லின் என்ற இருவர், இந்தச் சுரப்பிகளை எடுத்த நாய்களுக்குக் கால்சியம் கொடுத்தார்கள். இழுப்பு நின்றது! தைராய்டோடு சேர்த்து அரிசி மணி அளவுள்ள இந்தச் சுரப்பிகளையும் வெட்டி எடுத்ததுதான் பிரச்சினையே.

5/
இந்த நாலு சுரப்பிகளும் என்ன செய்கின்றன?

ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கும். அது,
👉 எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும்
👉 சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் தடுக்கும்
👉 வைட்டமின் டி-யைச் செயல்பட வைத்து, குடல் வழியாக அதிகக் கால்சியம் சேர வைக்கும்

எலும்பைக் கரைத்தால் கால்சியத்தோடு பாஸ்பரஸும் வரும். ரெண்டும் ஒன்றாக ஏறினால் ஒட்டிக்கொண்டு படிந்துவிடும். அதனால் பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியே தள்ளுவதும் இதே ஹார்மோன்தான்.

6/
சரி, இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால்?

சார்லஸ் மார்ட்டெல், அமெரிக்கக் கப்பல் கேப்டன். ஆறடிக்கு மேல் உயரம். 1918க்குப் பிறகு எலும்புகள் முறிய ஆரம்பித்தன, சிறுநீரகத்தில் கல் வந்தது. 1926க்குள் உயரத்தில் சுமார் ஏழு அங்குலம் குறைந்துவிட்டார். எலும்பிலிருந்து போன கால்சியம்தான் கல்லாகப் படிந்தது.

பாராதைராய்டில் கட்டி என்று சந்தேகித்து, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் கழுத்தைத் திறந்தார்கள். கட்டி இல்லை. அங்கும் நியூயார்க்கிலுமாக ஆறு ஆபரேஷன். நல்ல சுரப்பிதான் போனது, கட்டி கிடைக்கவில்லை.

7/
கேப்டன் விடவில்லை. தானே உடற்கூறியல் புத்தகங்களைப் படித்தார். கருவில் இந்தச் சுரப்பி கீழே இறங்கி வரும்போது சிலருக்கு நெஞ்சுக்குள் போய்விடும். "நெஞ்சில் தேடுங்க" என்று வற்புறுத்தினார்.

1932, ஏழாவது ஆபரேஷன். கட்டி அங்கேதான் இருந்தது!

8/
இங்கே கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

பல வருடம் கால்சியத்தை இழந்த எலும்புகள், கட்டி போனதும் ரத்தத்திலிருந்து அதைத் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்தன. அவருக்கு இழுப்பு வந்தது. சில வாரங்கள் கழித்து சிறுநீரகக் கல்லுக்காகச் செய்த ஆபரேஷனுக்குப் பின் இறந்துபோனார்.

ஆனால் எங்கே தேட வேண்டும், எடுத்த பிறகு எதற்குப் பயப்பட வேண்டும் என்ற இரண்டையும் அவர் உடம்புதான் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

9/
நமக்கான பாடம்:

✅ சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறதா? லேசான அடிக்கே எலும்பு முறிகிறதா? ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனையும் செய்வார்கள்.

✅ தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு உதடு, விரல்களில் மதமதப்பு, இழுப்பு வந்தால் "சரியாயிடும்"னு வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாங்க.

அந்த அம்மா நாலாவது நாள் நடந்தே வீட்டுக்குப் போனாங்க. கேப்டனுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொண்டேன்.