தட்டொலியும் அதனைக் கேட்கும் உணரியும்

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பொருத்தப்பட்டிருக்கும் தட்டொலி உணரியின் கம்பியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டலாமா என்பது கராஜ்களில் இன்று அடிக்கடி எழும் வினா. பழுதான உணரியை மாற்றுவதற்குச் செலவு உண்டு. கழற்றிய பின்னரும் எஞ்சின் இயங்கத்தான் செய்கிறது. ஆகவே வினா நியாயமானதே. ஆயினும் அவ்வுணரி அங்கு ஏன் வந்தது என்பதை அறியாது விடை கூறுதல் பொருந்தாது. அது வந்து சேர்ந்த வழியோ நீண்டது; நச்சுக் கலந்தது.

பெற்றோல் எஞ்சினின் உருளையுள் தீப்பொறி எழுந்ததும் சுவாலை ஓரிடத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பரவுதல் வேண்டும். சில வேளைகளில் சுவாலை சென்றடையுமுன், மூலையில் எஞ்சிய கலவை அமுக்கமும் வெப்பமும் தாளாது தானாகவே ஒரே கணத்தில் தீப்பற்றிவிடும். அப்போது எழும் அமுக்க அலை உருளைச் சுவர்களில் மோதி ஒலிக்கிறது. இதனையே திருத்துநர்கள் 'நொக்கிங்' என்பர். இது நீடித்தால் முசலத்தின் தலை அரிக்கப்படும், வளையங்கள் உடையும்.

தொடக்ககால வண்டிகளில் இதற்குக் காவலாக இருந்தது சாரதியின் காதே. போர்ட் நிறுவனத்தின் 'மொடல் ரி' வண்டியில் தீப்பொறி எழும் நேரத்தை முற்படுத்தவும் பிற்படுத்தவும் சுக்கானின் கீழ் ஒரு நெம்பு இருந்தது. மேட்டில் ஏறும்போது தட்டொலி கேட்டால் சாரதி நெம்பைத் தள்ளித் தீப்பொறியைப் பிற்படுத்துவார். பின்னர் அந்நேரத்தைத் தானே மாற்றும் பொறியமைப்புகள் வந்தன, நெம்பு மறைந்தது. ஆனால் அவ்வமைப்புகள் எஞ்சினின் வேகத்தையும் சுமையையும் அறிந்தனவேயன்றித் தட்டொலியைக் கேட்கவில்லை. இவ்விழப்பை எவரும் அன்று பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை.

தட்டொலியை ஆராய்ந்தோர் இருவேறு திசைகளிற் சென்றனர். இங்கிலாந்தில் ஹரி றிக்காடோ, முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், நெருக்கல் விகிதத்தை மாற்றத்தக்க சோதனை எஞ்சினொன்றை அமைத்து எரிபொருள்களை ஒப்பிட்டார். எரியறையின் வடிவத்தைத் திருத்திச் சுவாலை செல்லும் தூரத்தைக் குறைத்தால் அதே பெற்றோலில் தட்டொலி தணியும் என்பதையும் அவர் காட்டினார். எஞ்சினையே எரிபொருளுக்கு இசைவித்தல் இவ்வழி.

ஐக்கிய அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றரிங்கின் ஆய்வுகூடம் மறுவழியை நாடியது. அங்கு பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி எண்ணற்ற பொருள்களைப் பெற்றோலிற் கலந்து சோதித்து, 1921 டிசம்பர் 9ஆம் நாள் நாலெதயில் ஈயத்தைக் கண்டார். ஒரு கலன் பெற்றோலுக்கு ஏறத்தாழ 3 கன சதமமீற்றர் போதும்; தட்டொலி அடங்கியது. மதுசாரம் கலந்த பெற்றோலும் தட்டாது என்பதை அவ்வாய்வுகூடத்தினர் அறிந்தேயிருந்தனர். எனினும் மலிவும், காப்புரிமை தந்த இலாபமும் ஈயத்தின் பக்கம் நின்றன. 1923 பெப்ரவரியில் 'எதில்' என்ற பெயருடன் அது டேற்றனில் விற்பனைக்கு வந்தது. ஈயம் என்னும் சொல் அப்பெயரில் இல்லை என்பதை வாசகர் கவனித்தல் நன்று.

1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இதனை உற்பத்தி செய்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் அத்திரவத்தாற் கை கழுவிக் காட்டினார். முந்திய ஆண்டில் தாமே ஈய நஞ்சினால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தவர் அவர்! 1925 மே மாதம் கூடிய அரச மாநாட்டில் அலிஸ் ஹமில்ற்றனும் யன்டெல் ஹென்டர்சனும் கடுமையாக எச்சரித்தனர். விற்பனை நிறுத்தப்பட்டது, 1926இல் மீண்டும் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தெருவிற் சென்ற எவரும் சுவாசித்தது அம்முடிவின் விளைவையே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 1921இல் தட்டொலியைக் கேட்கும் கருவி சாத்தியமன்றே? உண்மை. அழுத்தினால் மின்னைத் தரும் பளிங்குகளைக் கியூரி சகோதரர் 1880இலேயே கண்டிருந்தாலும், அம்மின் குறியை ஆராய்ந்து கணத்துள் முடிவெடுக்கும் இலத்திரனியல் அன்று இல்லை. ஆயினும் றிக்காடோவின் வழியும் மதுசாரமும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஆகவே வேறு வழி இருக்கவில்லை என்னும் வாதத்தை ஏற்க முடியாது.

ஈயம் வினையூக்கி மாற்றிகளைப் பழுதாக்கும் என்பதால், அம்மாற்றிகள் பரவலாகப் பொருத்தப்பட்ட 1975ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கு ஈயமற்ற பெற்றோல் தேவைப்பட்டது. பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாக ஈயத்தைக் கைவிட்டன. இலங்கை 2002இலும், வீதி வண்டிகளைப் பொறுத்தவரை இறுதியாக அல்ஜீரியா 2021இலும் அதனைக் கைவிட்டன. ஈயத்தின் துணை போனபின் தட்டொலியை அடக்குவது எங்ஙனம்? மீண்டும் கேட்கத் தொடங்குவதே வழியாயிற்று. ஏறத்தாழ 9 சதமமீற்றர் விட்டமுடைய உருளையில் தட்டொலியின் மீடிறன் 6000 ஹேட்ஸ் அளவினது. அதன் பௌதிகத்தை 1930களில் ஆராய்ந்தவருள் ஒருவரான சார்ள்ஸ் ஸ்ராக் டிரேப்பரே பின்னாளில் அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டற் கருவிக்கான ஆய்வுகூடத்தை நடத்தினார். 1978இல் பியூயிக்கின் சுழலியூட்டிய எஞ்சின் தட்டொலி உணரியுடன் வெளிவந்தது. பியூயிக் ஜெனரல் மோட்டோர்ஸின் கிளை. ஈயத்தைத் தந்த கெற்றரிங்கின் ஆய்வுகூடமும் அந்நிறுவனத்தினதே. சிறிது பின்னர் சுவீடனின் சாப் நிறுவனம் உணரியைக் கொண்டு சுழலியின் அமுக்கத்தையே கட்டுப்படுத்தியது.

இனி வினாவுக்கு வருவோம். இன்றைய வண்டிகளுட் பெரும்பாலானவற்றிற் கம்பியைக் கழற்றியதும் கணனி சுற்று அறுந்ததை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. தட்டொலி உண்டா இல்லையா என அறிய வகையின்றி, உண்டு என்றே கொண்டு தீப்பொறியைப் பிற்படுத்துகிறது. வலு குறையும், எரிபொருட் செலவு மிகும், பிந்தி எரிவதால் வெளியேறும் வாயு சூடேறும். எஞ்சின் உடனே அழிந்துவிடாது. சாதாரண ஓட்டத்திற் பலர் வேறுபாட்டையே உணரார். பழைய சில அமைப்புகளின் நிலை வேறு. அவற்றிற் குறி வாராமையைக் கணனி அமைதி என்றே கொள்ளும். விளக்கு எரியாதிருக்கும் பொருட்டுக் கம்பி முனையில் ஒரு தடையைப் பொருத்தி ஏமாற்றும் கைவேலையும் புதிய வண்டியை இதே நிலைக்குக் கொண்டு வரக்கூடும். அவ்வண்டி தாழ்ந்த ஒக்டேன் பெற்றோலுடன், முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது தீப்பொறி பிற்படாது. நெம்பைத் தள்ள மொடல் ரியின் சாரதியும் அங்கு இல்லை.