ஒரு பணத்துக்குப் பூலாங்கிழங்கு

போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தபோது பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தகரப் பெட்டியின் அடியில் என் பள்ளிக்கூடத்துக் 'கயே' ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு படித்தவர்கள் யாரும் நோட்டு என்று சொல்ல மாட்டோம், கயேதான். முன்பக்கங்களில் என் 'திக்தே' பாடமும் அதில் வாத்தியார் போட்ட சிவப்புக் கோடுகளும். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து:

"ஆயா சொன்ன குளியல் மாவு. பச்சைப்பயறு ஒரு படி. கடலைப்பருப்பு கால் படி. பூலாங்கிழங்கு ஒரு பணத்துக்கு. கிச்சிலிக்கிழங்கு ஒரு பணத்துக்கு. கஸ்தூரி மஞ்சள் அரைப் பணத்துக்கு. கோரைக்கிழங்கு அரைப் பணத்துக்கு. வெட்டிவேர் ஒரு கட்டு. ஆவாரம்பூ, ரோசா மொக்கு காய்ந்தது ஒரு கை. கார்போகரிசி கொஞ்சம்."

அவ்வளவுதான். தேதி இல்லை. 36 வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குப்பை கொட்டியவனுக்குத் தேதியில்லாத காகிதத்தைப் பார்த்தால் கை அரிக்கும். ஆனால் இதை எப்போது எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் 'பணம்' என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சிந்தியக் கணக்கில் 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பிரெஞ்சில் 'காஷ்', 'ஃபனோன்'. பழைய பிரெஞ்சிந்தியத் தபால்தலை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம், அதில் இந்தக் கணக்குத்தான் அச்சாகியிருக்கும். மடியில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் அணா, வாயில் இருந்தது பணம். ஒரு பணம் என்றால் இரண்டு அணா. 1957-இல் நயா பைசா வந்தது. அதற்குப் பிறகும் ஆயா சாகும்வரை பணத்தில்தான் கணக்குப் பார்த்தாள். மார்க்கெட்டில் கீரைக்காரியும் அவளும் பேசிக்கொள்வது எனக்குப் புரியாது.

ஆகவே ஆயாவின் மாவுக்கு எடை கிடையாது, விலைதான் உண்டு. கடைக்காரர் ஒரு பணத்துக்கு எவ்வளவு கொடுத்தாரோ அதுதான் அளவு. விலை போனதும் அளவும் போய்விட்டது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் எண்ணெய்க் குளியல். தலைக்குச் சீயக்காய், உடம்புக்கு இந்த மாவு. சித்திரை வெயிலில் மூன்று நாள் மாடியில் காயவைத்து, கிழங்குகளை உரலில் போட்டு நொறுக்கி, பிறகு மெஷினுக்கு அனுப்புவார்கள். பூலாங்கிழங்கு காய்ந்தால் கல். நொறுக்காமல் கொண்டுபோனால் மெஷின்காரர் திட்டுவார். முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். மிளகாய்க்குப் பின்னால் குளியல் மாவை அரைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில் ஒரு வீட்டாருக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'இஜியேன்' என்றொரு பாடம் உண்டு, சுகாதாரம். தினமும் சோப்புப் போட்டுக் கை, கழுத்து, காது கழுவ வேண்டும் என்று வாத்தியார் படிக்க, நாங்கள் கூடவே சொல்வோம். சவோன், சவோன் என்று வகுப்பே முழங்கும். ஒரு சனிக்கிழமை குளித்துவிட்டு மத்தியான வகுப்புக்குப் போனபோது காது மடிப்பில் மாவு ஒட்டியிருந்ததை ஒரு பையன் பார்த்துவிட்டான். அன்றையிலிருந்து எனக்குப் பெயர் 'மாவு'. பத்து வயசுப் பையனுக்கு அது சாதாரண விஷயமில்லை.

பக்கத்து வீட்டில் சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மாமியிடம் சவோன் தெ மார்செய் இருந்தது. நாலு பக்கமும் எழுத்துப் பதிந்து, 72 சதவீதம் என்று முத்திரை குத்திய கட்டி. அவர் அதைக் கம்பியால் அறுத்து ஒரு துண்டு எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஆயா அதை வெள்ளை வேட்டி துவைக்க வைத்திருந்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இனிமேல் எனக்கு இதுதான், மாவு வேண்டாம் என்று கத்தினேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. சோப்பை என்னிடமே கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மாவைத் தன் கையிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் மாவு அரைக்கவில்லை. "இவனே தொட மாட்டேங்கிறான், யாருக்கு அரைக்கிறது?" என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த வருஷம் ஆயா படுத்துவிட்டாள். அப்போதுதான் அம்மா கைக்குக் கிடைத்த கயேவில் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சோப்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ரிட்டையர் ஆன பிறகுதான். மார்செய் சோப்பில் ஒலிவ எண்ணெய் தவிர வேறு கொழுப்பு எதுவும் சேர்க்கக் கூடாது என்று பதினாலாம் லூயி 1688-இல் சட்டம் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை மாறியது. தொழிற்சாலைகள் பெருகின, ஒலிவ எண்ணெய் போதவில்லை. பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று கப்பல் கப்பலாக வித்துக்களும் எண்ணெயும் மார்செயில் இறங்கின. அதில் நிலக்கடலையின் ஒரு பெரிய பங்கு நம் துறைமுகத்திலிருந்து போனது. தென்னாற்காட்டு மானாவாரிக் கொல்லைகளில் விளைந்த மல்லாட்டை வண்டியிலும், 1879-இல் விழுப்புரம் ரயில் வந்தபின் ரயிலிலும் புதுச்சேரிக்கு வந்து, மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. ஒரு காலத்தில் இந்த ஊரின் ஏற்றுமதி என்றால் துணியும் மல்லாட்டையும்தான்.

ஆயா பிறந்த ஊர் விழுப்புரம் பக்கம். அவள் அப்பா மல்லாட்டை போட்டவர். வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக் கம்பெனிக்கு வந்து கொட்டிவிட்டு, திரும்பும்போது பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிப் போவார் என்று ஆயா சொல்லியிருக்கிறாள். 1961-இல் என் கைக்கு வந்த கட்டியில் அவர் கொல்லை மல்லாட்டை இருந்திருக்க முடியாது, அது ஐம்பது வருஷம் முந்திய கதை. கணக்கைக் கணக்காகத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள் நம்மிடம் இருந்ததை எழுதாமல் விட்டவர்கள் அல்லர். காரைக்காலுக்குப் பக்கத்தில் தரங்கம்பாடியில் இருந்த கிரண்ட்லர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் வைத்தியத்தைப் பற்றி 1711-இலேயே எழுதி ஹாலெ நகரத்துக்கு அனுப்பினார். சந்திரநாகூர் நம் புதுச்சேரியின் ஆட்சிக்குள் இருந்த ஊர். அங்கே இருந்த நிக்கோலா லாம்ப்ரேர் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரிசாப் பக்கத்துச் செடிகளை உள்ளூர்ச் சித்திரக்காரர்களைக் கொண்டு வரையச் செய்து, எந்த நோய்க்கு எது என்று 14 பெரிய தொகுதிகள் சேர்த்தார். பாரிஸுக்கு அனுப்பினார். அச்சேறாமல் அங்கேயே கிடந்தது. நம் குமாஸ்தா உலகத்துக்கு இது புதிதில்லை.

நிலவேம்பின் கதை இன்னும் ருசியானது, கசப்பாக இருந்தாலும். ஆயா காய்ச்சலுக்கு அதைத்தான் கஷாயம் போடுவாள். மூன்று நாள் கொடுப்பாள், நாலாம் நாளும் சுட்டால் அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடு" என்பாள். இதே நிலவேம்புக்குக் 'கிரியாத்து' என்றும் ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'க்ரேயா' ஆக்கி, கரியபோளம், வெள்ளைப்போளம், ரூமி மஸ்தகி, சாம்பிராணி எல்லாம் சேர்த்து ஒரு மாதம் பிராந்தியில் ஊறவைத்து வடிகட்டிப் புட்டியில் அடைத்தார்கள். பெயர் 'த்ரோக் அமேர்', கசப்பு மருந்து. ஒரு காலத்தில் வயிற்றுக்கும் தெம்புக்கும் இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய சரக்கு இது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய மூலிகை நூல்களில் இதன் சேர்மானம் இருக்கிறது, தேடிப் படிக்கலாம். பின்னால் சிக்குன்குனியா, டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீருக்கு ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தோமே, அதற்கு முன்பே அது பிராந்தியோடு ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டது.

காய்ச்சல், பேதி, பாம்புக்கடி என்றால் எழுதினார்கள். பெண்கள் முற்றத்தில் காயவைத்து அரைத்த குளியல் மாவின் பக்கம், நான் படித்தவரையில், இவர்கள் அதிகம் வரவில்லை. அதை எழுதியது என் அம்மா. அதுவும் விலையில்.

சரி, செய்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். எல்லாமே விலையில் இருப்பதால் விகிதமாவது தேறும் என்பது என் யோசனை. ஒரு பணத்தை ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அரைப் பணம் இருபத்தைந்து. பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். கடைக்காரர் என் வயசுக்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சார், அன்னைக்கு மலிவா இருந்தது இன்னைக்கு விலை ஏறிப்போச்சு, இன்னொண்ணு ஏறலை. உங்க ஆயா கணக்கு இன்னைக்கு எப்படி சார் நிக்கும்? கஸ்தூரி மஞ்சளையே எடுத்துக்குங்க. இருவத்தஞ்சு ரூபாய்க்கு நிசமான சரக்கு எத்தனை வரும்?"

எடுத்துக் காட்டினார். அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ளே மஞ்சளாக இருக்காது, வெளுத்த சந்தன நிறம். பளிச்சென்று மஞ்சளாக விற்பதெல்லாம் வேறு கிழங்கு. பூலாங்கிழங்கு எது, கிச்சிலிக்கிழங்கு எது என்பதில் கடைக்குக் கடை சண்டை உண்டு என்றும் சொன்னார். இரண்டையும் முகர்ந்து பார்த்து வாங்கச் சொன்னார்.

கார்போகரிசி கொடுக்கும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம்னு எழுதியிருக்காங்களா? எழுதினவங்க விவரமானவங்க." அந்த விதையில் சொராலென் என்றொரு பொருள் இருக்கிறது. வெண்குஷ்டத்துக்கு அதைக் கொடுத்து வெளிச்சத்தில் வைத்து வைத்தியம் செய்வார்கள். தோலில் அதிகம் பட்டுவிட்டு வெயிலில் போனால் கொப்புளித்துவிடும். பட்டியலில் படியும் பணமும் கையும் இல்லாமல் 'கொஞ்சம்' என்று இருந்தது இது ஒன்றுதான். இப்போது பாக்கெட்டில் வரும் பொடிகளில் அது எவ்வளவு என்று போட்டிருப்பதை நான் பார்த்ததில்லை.

கயேவின் மறுபக்கத்தில் தலைக்கு எண்ணெய் இருந்தது. "தேங்காயெண்ணெய் ஒரு படி, கரிசலாங்கண்ணிச் சாறு ஒரு படி, நெல்லிக்காய்ச் சாறு அரைப் படி. சின்னத் தீ. சத்தம் நின்றதும் இறக்கவும்." இதையும் காய்ச்சினேன். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும், வற்றினால் அடங்கிவிடும். அடியில் படிந்த மண்டியை விரலால் நசுக்கினால் மணல்போல நெருடும். திரியை நனைத்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் தண்ணீர் பாக்கி, பத்து நாளில் காறல் வாடை வரும். என்னுடையது முதல் தடவை வெடித்தது, திரும்ப அடுப்பில் வைத்தேன். இந்தப் பக்கத்தில் ஆயா சொன்னது எதுவும் மாறவில்லை. அரைப் படி எண்ணெயை அடுப்பிலேயே சிந்தியது என் கைங்கரியம், அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

மாவு அரைத்து வந்தது. பார்வைக்கு அதே நிறம். முகர்ந்தால் ஏதோ குறைகிறது, என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லாஸ்பேட்டையில் இருக்கும் அக்காவிடம் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு 81 வயசு, கண் அரைப்பார்வை. மூடியைத் திறந்ததும் தூரத்திலிருந்தே சொன்னாள்:

"பூலாங்கெழங்கு பத்தலடா."

"எவ்வளவு போடணும்க்கா?"

"இன்னும் ரெண்டு கை."

"யார் கை? உன் கையா, என் கையா?"

"ஆயா கை. சின்னக் கைதான்." தன் கையை நீட்டி விரித்துக் காட்டினாள். "எனக்கு ஆயா கைன்னு அம்மா சொல்லும்."

வீட்டிலிருந்து சமையல் தராசையும் பூலாங்கிழங்குப் பொடியையும் மறுநாள் கொண்டுபோனேன். அக்காவை இரண்டு கை அள்ளிப் போடச் சொல்லி நிறுத்தேன். கயேவில் அம்மாவின் வரிக்குக் கீழே 64 கிராம் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.