நெருக்கடியில் அணு

அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. ஹைட்ரஜனுக்கு அது 13.6 எலெக்ட்ரான் வோல்ட் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். சூரியனின் மையத்திலும் இதே எண்தானா? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைக் காண்போம்.

1920-இல் மேகநாத சாகா, ஒரு வாயுவில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாக இருக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பநிலை ஏறினால் அயனிகள் பெருகும். அழுத்தம் ஏறினால், பிரிந்த எலெக்ட்ரான்கள் மீண்டும் அயனிகளோடு சேர்வதால், அவை குறையும். விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதன் காரணம் இதனால் விளங்கிற்று.

இச்சமன்பாட்டைச் சூரியனின் மையத்திற்குப் பயன்படுத்திப் பாருங்கள். அங்கே வெப்பநிலை சுமார் 1.5 கோடி கெல்வின். ஒரு கன செண்டிமீட்டர் பிளாஸ்மாவின் நிறை ஏறத்தாழ 150 கிராம். கணக்குப்படி ஹைட்ரஜனில் சுமார் கால் பங்கு அயனியாகாமல் எஞ்சவேண்டும்! ஆனால், அங்கே அணுக்கருக்களின் சராசரி இடைவெளி ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தைவிடக் குறைவு. எலெக்ட்ரான் ஒரே கருவுடன் பிணைந்திருக்க இடமேது? ஆகவே ஹைட்ரஜன் முழுவதும் அயனியாகவே உள்ளது. சாகாவின் சமன்பாடு தனித்தனியே விலகி நிற்கும் அணுக்களுக்கு உரியது. விண்மீன்களின் மெல்லிய வளிமண்டலத்திற்கு அது நன்கு பொருந்தும், நெரிசலுக்குப் பொருந்தாது.

நெரிசலில் அண்டைத் துகள்களின் மின்புலம் எலெக்ட்ரானின் பிணைப்பைத் தளர்த்துகிறது. அயனியாக்க ஆற்றல் குறைகிறது. எவ்வளவு குறையும்? 1963-இல் எக்கர், குரோல் இருவரும் ஒரு வாய்பாடு தந்தனர். 1966-இல் ஸ்டூவர்ட்டும் பியாட்டும் வேறொன்று தந்தனர். அடர்த்தி மிகுந்தால் இவ்விரண்டும் வெவ்வேறு விடை தரும்.

2012-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்-கதிர் லேசரால் அலுமினியத்தைத் தாக்கினர். அது விரிவடையுமுன், திண்ம அடர்த்தியிலேயே இலட்சக்கணக்கான கெல்வின் வெப்பம் பெற்றது. அளவீடுகள் எக்கர்–குரோல் பக்கமே சாய்ந்தன. 2013-இல் இங்கிலாந்தின் ஓரியன் லேசர், அலுமினியத்தை அமுக்கி இன்னும் கூடுதலாகச் சூடாக்கியது. அங்கே பொருந்தியது ஸ்டூவர்ட்–பியாட் வாய்பாடு! இரண்டில் எதுவும் எல்லா நிலைக்கும் போதாது என்பதே இதன் பொருள்.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. அணுவில் பிணைந்துள்ள எலெக்ட்ரான்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே பிளாஸ்மா ஒளியைத் தடுக்கும் அளவு அமைகிறது. சூரியனின் உள்ளிருந்து ஆற்றல் வெளிவரும் வேகமும், அணுக்கரு இணைவுச் சோதனைகளின் கணக்குகளும் அதைச் சார்ந்தவை. 13.6 என்னும் எண்ணை இனிப் படிக்கும்போது, 'தனித்த அணுவுக்கு' என்ற சொற்களையும் சேர்த்தே படியுங்கள்.