சங்கிலியும் தளர்வும்

ஈப்போவைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதைகளில், மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1880இல் ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் சங்கிலியே அதன் மூதாதை.

பி.எஸ்.ஏ. முதலான ஆங்கில வண்டிகள் பலவற்றில் பின்சங்கிலி திறந்தே கிடந்தது. சேறும் மணலும் அதன் இணைப்பூசிகளைத் தேய்த்தன, சங்கிலி நீண்டது, பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்தன. 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப், நம் வழக்கில் 'கப்சாய்', சங்கிலியை உறைக்குள் அடக்கியது.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிழைப்புத் தேடி வேற்றிடம் சென்றுவந்த தொழிலாளிக்கோ, சங்கிலி அறுந்தால் அன்றைய கூலியும் அறுந்தது.

உறை சேற்றைத் தடுத்தது. தேய்வை மறைக்கவும் செய்தது. தளர்ந்த சங்கிலி உறையில் உரசி எழுப்பும் ஒலியே முதல் எச்சரிக்கை. உறையிலுள்ள துளையின் இரப்பர் மூடியை அகற்றி, சக்கரத்தை மெல்லச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் அளவான தளர்வு விடுதல் வேண்டும். முற்றும் இறுக்கினால், குழியில் பின்சக்கரம் ஏறியிறங்கும்போது சங்கிலி விண்ணென்று இழுபட்டு அறும். பற்கள் வளைந்துவிட்டால் சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்றுவதே முறை.

பிணைப்பு நிலைப்பது இறுக்கத்தால் அன்று, அளவறிந்த தளர்வால் என்பதே அந்தப் பாதைகள் கற்பித்த பாடம்.