தென் தமிழகத்தில் தொல் தானியப் பயிர்களின் பரவல்

தென் தமிழகத்தில் தொல் தானியப் பயிர்களின் பரவல் என்பது, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் வெவ்வேறு நிலப்பகுதிகளில் பயிராக்கப்பட்ட தானியங்கள் இப்பகுதியை வந்தடைந்ததைக் குறிக்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் கீழவைப்பாரை அடுத்த விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசல் நிலங்களில் மானாவாரியாக விளையும் கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் தோன்றியவை ஆகும். அதே மாவட்டத்தின் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல் வேறு வழியாக வந்தது.

தோற்ற இடங்கள்

* கம்பு: மேற்கு ஆப்பிரிக்கா. பயிராக்கப்பட்ட கம்பின் கி.மு. 2500 அளவிலான எச்சங்கள் மாலி நாட்டில் கிடைத்துள்ளன.
* சோளம்: கிழக்குச் சூடான். இது கி.மு. 3000 அளவிலேயே அங்குப் பயிராக்கப்பட்டிருந்தது.
* கேழ்வரகு: கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள்.
* தினை, பனிவரகு: வட சீனா.
* கோதுமை, வாற்கோதுமை: மேற்கு ஆசியா.
* வரகு, சாமை: இந்தியா.

நெல் சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் பயிராக்கப்பட்டது. கங்கைச் சமவெளியிலும் தொடக்ககால நெல் பயன்பாட்டுக்குச் சான்றுகள் உள்ளன.

பரவிய வழிகள்

ஆப்பிரிக்கத் தானியங்கள் கி.மு. 2ஆம் ஆயிரமாண்டில் அரபிக்கடல் தொடர்புகள் வழியாக இந்தியாவின் மேற்குப் பகுதியை அடைந்து, தக்காணம் வழியாகத் தெற்கே பரவின என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். குறைந்த மழையிலும் விளைவதால் அவை வறண்ட நிலங்களில் நிலைபெற்றன. குளிர்ச்சியான பருவம் தேவைப்படும் கோதுமை, தக்காணத்திற்குத் தெற்கே பெருமளவில் பரவவில்லை. நெல்லுக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுவதால், அது ஆற்றுப்படுகைகளிலும் குளத்துப் பாசன நிலங்களிலும் வேரூன்றியது.

அகழாய்வுச் சான்றுகள்

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ, முதுமக்கள் தாழிகளில் நெல், சிறுதானிய உமிகளைக் கண்டறிந்தார். சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டுள்ளதாகத் தமிழக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 ஆகும்.

தாழியில் இருந்த நெல், இறந்தோருக்குப் படைக்கப்பட்ட பொருளாகும். எனவே அதைக் கொண்டு அக்கால மக்களின் அன்றாட உணவு நெற்சோறே என்று முடிவு செய்ய இயலாது.

காலக்கணிப்பில் உள்ள சிக்கல்கள்

சிறிய தானியமணிகள் எலி வளைகள், மண் வெடிப்புகள் வழியாக மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு இறங்கிவிடக் கூடும். கரிசல் மண்ணில் கோடையில் ஆழமான வெடிப்புகள் தோன்றும். எனவே மண்ணடுக்கின் காலத்தை மட்டும் கொள்ளாமல், மணியையே நேரடியாகக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணிப்பது நம்பகமானது. தென்னிந்தியாவில் கேழ்வரகு என முன்னர் அடையாளம் காணப்பட்ட பல மணிகள், மறு ஆய்வில் வேறு சிறுதானியங்களாக இருக்கலாம் எனத் தெரியவந்தது.

முக்கியத்துவம்

வெளியிலிருந்து வந்த இப்பயிர்களில், உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்தெடுத்ததால் உள்ளூர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற நாட்டு வகைகள் உருவாயின. சாகுபடி கைவிடப்பட்டால் விதை வங்கிகளில் சேர்க்கப்படாத வகைகள் முற்றிலும் அழிந்துவிடும். இந்தியா முன்மொழிந்ததன் பேரில், ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்தது.