பருவநிலை மாற்றம்: மாணவர்களுக்குக் கற்றுத்தர பள்ளியில் ஒரு மழைமானி

பனிப்பாறையையும் துருவக்கரடியையும் படத்தில் காட்டி நடத்தும் பாடம் கிராமத்துப் பிள்ளைகள் மனதில் தங்குவதில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை முளைத்த பின் காய்ந்து போனால், அது அவர்கள் வீட்டு வரவு செலவையே பாதிக்கிறது. எனவே பாடத்தை மழையிலிருந்து தொடங்கலாம். தேசிய பசுமைப்படை அல்லது சுற்றுச்சூழல் மன்றம் உள்ள பள்ளிகளில் இது எளிது.

பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். மேலே குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய பகுதியைப் புனல் போலத் தலைகீழாகச் செருக வேண்டும். அடியில் கூழாங்கற்கள் போட்டால் காற்றில் சாயாது. கற்கள் மூழ்கி, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்து, அங்கிருந்து ஸ்கேலை ஒட்டினால் மில்லிமீட்டரில் அளக்கலாம். மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளி, திறந்தவெளியில் வைக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையைப் போலவே தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, நோட்டில் எழுதி, நீர்மட்டத்தை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். விடுமுறை நாட்களில் பள்ளிக்கு அருகில் வசிக்கும் மாணவர் பார்த்துக்கொள்ளலாம்.

1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிட்டால், பண்ணைக்குட்டை எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மழையளவோடு மழை நாட்களையும் எண்ணச் சொல்லுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள். ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் பெரும்பகுதி மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். அதே மழை ஐந்து நாட்களாகப் பிரிந்து பெய்தால் மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்கும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; கனமழை இன்னும் கனமாவதற்கு இது முக்கியக் காரணம். ஆசிரியர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

ஓர் ஆண்டு மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. தமிழகத்தில் 2015 வடகிழக்குப் பருவமழை வெள்ளமாக வந்தது. 2016-ல் அதே பருவமழை 62 சதவீதம் குறைந்தது. பருவநிலையைக் கணிக்க 30 ஆண்டு சராசரி தேவை. அதனால் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

மரக்கன்று நடுவதும் நல்லதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் ஜூன் 5 அன்று நட்டுவிட்டு மறந்தால், ஐப்பசி மழை வருவதற்குள் கன்று கருகிவிடும். எந்த மாதம் நடலாம் என்பதை மாணவர்களின் மழை நோட்டே காட்டிக்கொடுக்கும்.