அயனி நகர்திறன் நிறமாலையியல்

அயனி நகர்திறன் நிறமாலையியல் என்பது மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் ஒரு வளிமத்தினூடாக நகரும் வேகத்தைக் கொண்டு வேதிப்பொருள்களைக் கண்டறியும் பகுப்பாய்வு முறையாகும். பெயரில் நிறமாலை இருப்பினும் இதில் ஒளிக்குப் பங்கில்லை. 1970 இல் பிரான்சிஸ் கராசெக், மார்ட்டின் கோகன் ஆகியோர் இதனைப் பிளாஸ்மா நிறப்பகுப்பியல் என்னும் பெயரில் விவரித்தனர். வெடிபொருள், போதைப்பொருள், நச்சு வளிமம் ஆகியவற்றின் தடயங்களைக் கண்டறிய இம்முறை பயன்படுகிறது.

செயற்படும் முறை

சோதிக்கப்படும் பரப்பைத் துடைத்தெடுத்த துணித்துண்டு கருவியில் சூடாக்கப்படுகிறது. நிக்கல்-63 உமிழும் பீட்டா துகள்கள் முதலில் காற்றை அயனியாக்குகின்றன. அவ்வயனிகள் தம் மின்னேற்றத்தை ஆவியின் மூலக்கூறுகளுக்கு அளிக்கின்றன. நகர்வுக் குழாயிலுள்ள மின்புலம் இவற்றை இழுக்கிறது. சிறிய அயனிகள் முன்னதாகவும், காற்று மூலக்கூறுகளுடன் மிகுதியாக மோதும் பெரிய அயனிகள் பின்னதாகவும், சில மில்லிநொடிகளில் மறுமுனையை அடைகின்றன. இந்நேரத்திலிருந்து நகர்திறன் கணிக்கப்படும். எடுத்துக்காட்டாக, கொக்கேயின் அயனியின் இயல்பாக்கப்பட்ட நகர்திறன் ஏறத்தாழ 1.16 செமீ²/வோல்ட்டு நொடி ஆகும். வளிமண்டல அழுத்தத்திலேயே இயங்குவதால் வெற்றிடப் பம்பு தேவையில்லை. கருவியைக் கையில் எடுத்துச் செல்ல முடிவது இதனால்தான்.

குறைபாடுகள்

நீர் மூலக்கூறுகள் அயனிகளுடன் ஒட்டிக்கொண்டால் நகரும் நேரம் மாறிவிடும். தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று மிகுந்த கடற்கரையில் கருவிக்குள் செல்லும் காற்றை நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது.

2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில், மரத்தடிகள் வந்த கொள்கலனில் 300 கிலோகிராமுக்கும் கூடுதலான கொக்கேயினை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் கைப்பற்றியது. இத்தகைய சரக்குகளில் தடயம் வெளிப்பரப்பில் படிந்திருந்தால் மட்டுமே இம்முறை உதவும்; இறுகக் கட்டிய பொதியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இது அறியாது.

விளாத்திகுளத்திற்கு மேற்கேயுள்ள கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் பெயர்பெற்றது. தீக்குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு எளிதில் ஆவியாகாத உப்பு என்பதால், வழக்கமான கருவிகள் அதனைக் கண்டறியத் தடுமாறுகின்றன. மாறாக, நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மாத்திரை உட்கொள்பவரின் கையிலுள்ள தடயம் வெடிபொருள் எச்சரிக்கையை எழுப்பக்கூடும். கருவியின் கணிப்பு சரியே, ஆள்தான் குற்றமற்றவர். வெவ்வேறு பொருள்கள் ஒரே நகர்திறனைப் பெற்றிருப்பதும் உண்டு. எனவே எச்சரிக்கை ஒலியைச் சான்றாகக் கொள்ளலாகாது. மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் வளிம நிறப்பகுப்பியல், பொருண்மை நிறமாலையியல் போன்ற முறைகளால் உறுதிசெய்தல் வேண்டும். இந்தியாவில் இத்தகைய வேதிச் சோதனைக்கான முதல் ஆய்வகம் 1849 இல் சென்னையில் தொடங்கப்பட்டது.